ரெண்டு தளவானூர், ரெண்டு லைக்கன், ஒரு டார்ச்!

முதல்லயே ஒரு எச்சரிக்கை மக்களே! யார்கிட்டயாவது "தளவானூர் போறேன்"னு சொன்னீங்கன்னா, "ஓ... அந்த உடைஞ்ச தடுப்பணையைப் பார்க்கவா?"னு கேப்பாங்க. எங்க அப்பாவும் அதையேதான் கேட்டார்.

அவர்மேல தப்பு இல்லை. 2020-ல கட்டி, 2021 ஜனவரியிலேயே உடைஞ்சு, பேப்பர்ல எல்லாம் வந்த தடுப்பணை இருக்கிற ஊர் பேரும் தளவானூர்தான். ஆனா அது விழுப்புரத்துக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆத்தங்கரையில இருக்கு. நான் சொல்ற தளவானூர் வடக்கே, செஞ்சிப் பக்கம். ரெண்டும் ஒரே மாவட்டம். பேர்ல ஒரு எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர்கிட்ட "குகைக்கோயில் தளவானூர்"னு தெளிவா சொல்லலைன்னா, கேமராவும் கையுமா தண்ணி இல்லாத ஆத்துல போய் நிக்க வேண்டியதுதான்!

இந்தக் குழப்பத்தை ஏன் முதல்லயே சொல்றேன்னா, அந்த ஊருக்குப் போய் நான் கத்துக்கிட்டதும் இதே மாதிரி ஒரு சமாசாரம்தான். பார்க்க அச்சுஅசலா ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பேரை எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?

குகைக்கு முன்னாடி ஒரு வாக்குமூலம்

செஞ்சின்னா உங்களுக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தாங்களே, அதுல தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான். கூட்டம் அம்முது. ஆனா கோட்டையைப் பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடாதீங்க. விழுப்புரம் ரோட்டைப் பிடிச்சு வந்து உள்ளே திரும்பினா, வயலும் ஏரியும் பாறைக்குன்றுமா ஒரு அமைதியான ஊர் வரும். அதுதான் நம்ம தளவானூர்.

ஊர்ல ஒரு குன்று. பஞ்சபாண்டவர் மலைங்கிறாங்க. அதோட தெற்கு முகத்துல ஒரே பாறையைக் குடைஞ்சு செஞ்ச குகைக்கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துல மகேந்திரவர்ம பல்லவன் வெட்டினது. 'சத்ருமல்லன்'கிறது அவரோட பட்டப்பேர்கள்ல ஒண்ணு. அதனால இது சத்ருமல்லேஸ்வரம். முகப்புல ரெண்டு தூணுக்கு நடுவே மகர தோரணம், ரெண்டு ஓரத்துலயும் துவாரபாலகர்கள். மிரட்டல்னு சொல்ல முடியாது. ஆனா கொஞ்ச நேரம் எதிர்ல உக்காந்தா, எழுந்திருக்க மனசு வராது.

சரி, வாக்குமூலம். நான் இங்க வர்றது இது முதல் தடவை இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது சொந்தக்காரங்க கல்யாணத்துக்குச் செஞ்சி வந்தோம். மறுநாள் பசங்க எல்லாரும் சைக்கிள்ல இங்க வந்தோம். குகைக்கு வர்ற வழியில, கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய உருண்டைப் பாறை. மேல எல்லாம் சாம்பல் கலர்ல திட்டுத்திட்டா ஏதோ ஒட்டியிருந்துச்சு. கூர்மையான ஒரு கல்லை எடுத்து அந்தத் திட்டுமேல சுரண்டினா, அடியில புதுப் பாறை வெளிய தெரிஞ்சு எழுத்து பளிச்னு விழுந்துச்சு. ஸ்லேட்டுல எழுதற மாதிரி அவ்வளவு ஈஸி! என் பேரை நாலு எழுத்துல எழுதினேன். கீழே ஒரு கோடு வேற, ஸ்டைலா!

அதுக்கப்புறம் அதை மறந்தே போயிட்டேன். இந்தப் பத்திரிகையில இன்டர்னா சேர்ந்து, "உங்க ஊர்ப் பக்கம் ஒரு இடத்தைப் பத்தி எழுதிட்டு வாப்பா"னு சொன்னப்பத்தான் பொறி தட்டுச்சு. ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பேர் இன்னும் இருக்குமா?

அழுக்கு இல்லைடா, அது ஆளு!

துணைக்கு வந்தது எங்க பெரியப்பா பொண்ணு. எம்.எஸ்சி. பாட்டனி முடிச்சவங்க. நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ரெண்டு பேரும் மாமாவோட டி.வி.எஸ். எக்ஸெல்ல ஏறி, வாழ்க்கையில எல்லா அடையாளத்தையும் தொலைச்ச அந்த சீட்டுல ஒட்டிக்கிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தோம்.

"அக்கா, அந்தப் பாறையில ஒட்டியிருக்கிற அழுக்கு..."னு ஆரம்பிச்சேன்.

"அழுக்கா? டேய், அது லைக்கன்டா!"

ஸ்கூல்ல ஒரே ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துற கூட்டுயிரி. பூஞ்சை வீடு கட்டிக் குடுக்கும், தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். பாசி வெயில்ல சமையல் பண்ணிப் போடும். இப்படி ரெண்டு உயிர் சேர்ந்ததுதான் லைக்கன்னு 1860-கள்ல சைமன் ஷ்வெண்டனர்ங்கிற சுவிஸ் தாவரவியலாளர் சொன்னப்போ, அன்னைக்கு இருந்த பெரிய தலைகள் பல பேர் சிரிச்சாங்களாம். இன்னைக்கு அது பாடப்புத்தகம்.

உங்க வீட்டுக்குள்ளயே லைக்கன் இருக்கு, தெரியுமா? பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிற கல்பாசி! அதுவும் ஒரு லைக்கன்தான். ஆனா ஒரு வேண்டுகோள்... செஞ்சிப் பாறையில இருக்கிறதைச் சுரண்டிக் குழம்புல போட்டுடாதீங்க. இது வேற, அது வேற. எது வேறங்கிறதுதான் இந்தக் கட்டுரையே!

போர்வைக்குள்ள ஒரு லேப்!

மலையடிவாரத்துல ஒரு வயசான மாமரம். காத்துல ஒடிஞ்ச கிளை ஒண்ணு கீழே கிடந்துச்சு. பட்டை முழுக்க வட்ட வட்டமா, வெளிறின சாம்பல் நிறத்துல லைக்கன். பட்டையோட பட்டையா அப்பிக்கிட்டு, ஓரத்துல சின்னச் சின்ன இதழ் விரிச்சு, அப்பளம் மாதிரி.

"இதுல எத்தனை வகை இருக்கு சொல்லு?"ன்னாங்க அக்கா.

நானும் முன்னால பார்த்தேன், பின்னால பார்த்தேன். "ஒண்ணுதான்கா. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

அக்கா சிரிச்சாங்க. பையில இருந்து ஒரு டார்ச். கடைகள்ல கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க நீலமா ஒரு லைட்ல காட்டுவாங்களே, அந்தப் புற ஊதா டார்ச்சேதான். நூறு ரூபாய் நோட்டை அதுல காட்டினா, நம்பரும் பாதுகாப்பு இழையும் மின்னும். ஆன்லைன்ல வாங்கினதாம்.

ஆனா மொட்டை வெயில்ல அந்த வெளிச்சம் தெரியுமா? அதனால வீட்டுல இருந்து கொண்டுவந்த கறுப்புப் போர்வையை ரெண்டு பேர் தலையிலயும் போர்த்திக்கிட்டு, கிளையை உள்ளே இழுத்துக்கிட்டோம். நடுரோட்டுல, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மரத்தடியில ஒரு கறுப்பு மூட்டை அசையுது... கற்பனை பண்ணிப் பாருங்க! ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஆயா ஒருத்தங்க கிட்ட வந்து, "யாருப்பா அது? இன்னா பண்றீங்க உள்ளே?"ன்னு குச்சியால ஒரு தட்டு. வெளிய தலையை நீட்டி, "பாசி பார்க்கிறோம் ஆயா"ன்னேன். "பாசி ஏரியில இல்ல இருக்கும்? மரத்துல இன்னா பாசி?"ன்னுட்டு, நம்பாமலே அங்கேயே நின்னுட்டாங்க.

அக்கா டார்ச்சை அமுக்கினாங்க.

சும்மா சொல்லக் கூடாது பாஸ்... ஒரே மாதிரி இருந்த அந்த வட்டங்கள்ல பாதி, மஞ்சளா எரிய ஆரம்பிச்சுது! டிராஃபிக் போலீஸ் கோட்டு மாதிரி பளீர் மஞ்சள். பக்கத்துலயே ஒட்டிக்கிட்டிருந்த மத்த பாதி, அசையாம மங்கலா கிடந்துச்சு. ஒரே கிளை, ஒரே சாம்பல், ஆனா ரெண்டு ஆளு.

ஆயாவையும் உள்ளே கூப்பிட்டோம். போர்வைக்குள்ள தலையை விட்டுப் பார்த்தவங்க, "அடி ஆத்தீ... மின்மினி கணக்கா இருக்கு"ன்னாங்க. அப்புறம் எங்களைத் திட்டவே இல்லை.

இனிஷியல் கெமிஸ்ட்ரி

எரிஞ்ச ஆளு பேர் பிக்சைன் கோகோயஸ். எரியாத ஆளு டிரினேரியா அப்ளனேட்டா. ரெண்டும் கலிசியேசிங்கிற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிங்க. ரெண்டும் வெப்பமான ஊர்கள்ல மரத்துலயும் பாறையிலயும் வளரும். ரெண்டும் சாம்பல். ரெண்டுக்கும் அடிப்பக்கம் கறுப்பு. ரெண்டுக்கும் மேல மாவு தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளி இருக்கும். அந்த மாவு சும்மா இல்லை. ஒவ்வொரு துகள்லயும் கொஞ்சம் பூஞ்சை, கொஞ்சம் பாசின்னு ரெண்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியிருக்கும். காத்துல பறந்து வேற இடத்துல விழுந்தா, அங்கேயே புதுக் குடித்தனம் ஆரம்பிக்கலாம்.

அப்ப எப்படித்தான் பிரிக்கிறது? கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா என்ன பண்ணுவோம்? "எஸ்.கார்த்திக், எம்.கார்த்திக்"னு இனிஷியல் வெச்சுத்தானே கூப்பிடுவோம்? லைக்கனுக்கு அந்த இனிஷியல், கெமிஸ்ட்ரி!

பிக்சைனோட மேல்தோல்ல லைக்கன்சாந்தோன்னு ஒரு பொருள் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியிற மஞ்சளாத் திருப்பித் தரும். அதான் அந்த எரிச்சல். டிரினேரியாவோட மேல்தோல்ல இருக்கிறது அட்ரனோரின். அது இந்த டார்ச்சுக்கு மசியாது. ஆனா அதுக்கும் ஒரு வீக்னெஸ் உண்டு.

அங்கதான் என் டர்ன். காலேஜ் லேப்ல கேட்டு வாங்கி வந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை, கிளையில இருந்த லைக்கன்மேல குச்சி நுனியால ஒரு சொட்டு வெச்சேன். டிரினேரியா சில விநாடியில மஞ்சளாச்சு. பிக்சைன்மேல வெச்சா... ம்ஹூம், கண்டுக்கவே இல்லை. டார்ச்சுக்கு ஒருத்தன் மஞ்சள், சொட்டுக்கு இன்னொருத்தன் மஞ்சள். ரெண்டு டெஸ்ட்டும் ஒண்ணுக்கொண்ணு கரெக்டா பொருந்துச்சு. மூணு வருஷ இன்ஜினீயரிங்ல ஒரு எக்ஸ்பரிமென்ட் எனக்கு முதல் தடவையிலயே சரியா வந்தது இதுதான். ஹி... ஹி...

(இந்தக் கரைசல் தோல்ல பட்டா புண்ணாக்கிடும். கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. கோயில் பாறைமேல, மரத்துமேல எல்லாம் ஊத்திப் பார்க்கவே கூடாது. விழுந்து கிடக்கிற பட்டை போதும்.)

இந்த ரெண்டு பொருளும் எதுக்கு? சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல இருந்து உள்ளே இருக்கிற பாசியைக் காப்பாத்துற சன் ஸ்கிரீன் மாதிரி இருக்கலாங்கிறது ஒரு கருத்து. அப்படின்னா பாருங்க... ஒரே வெயிலுக்கு ரெண்டு பங்காளிங்க ரெண்டு பிராண்ட் கிரீம் பூசியிருக்காங்க!

டார்ச்சும் சொட்டும் இல்லாமலும் பிரிக்கலாம். ஆனா பொறுமை வேணும். நகைக்கடைக்காரர் கண்ணுல வெச்சிருப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பாருங்க. பிக்சைனோட இதழ் ஒடுக்கமா இருக்கும். நுனியில சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைப் பூச்சு பல நேரம் தெரியும். டிரினேரியாவோட இதழ் நுனியில விசிறி மாதிரி அகலும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, நடுப்பக்கம் போகப் போகப் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். கத்தி முனையால மெல்லத் தூக்கிப் பார்த்தா இன்னும் தெளிவு. பிக்சைனுக்கு அடியில வேர் மாதிரி கறுப்பு இழைங்க இருக்கும். டிரினேரியாவுக்கு அந்த இழைங்களே கிடையாது. அடிப்பக்கத்தாலயே அப்படியே அப்பிக்கிட்டிருக்கும்.

தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

"ரெண்டும் பாசிதானே, எதுவா இருந்தா என்ன?"னு கேக்கிறீங்க இல்ல? நானும் அதைத்தான் கேட்டேன்.

லைக்கனுக்கு வேர் கிடையாது. மண்ணுல இருந்து உறிஞ்சாது. காத்துல வர்றது, மழையில வர்றது, இவ்வளவுதான் சாப்பாடு. அதனால காத்துல விஷம் இருந்தா, அதையும் சேர்த்துத்தான் சாப்பிடணும். பாரிஸ்ல ஒரு பூங்காவுல லைக்கனைப் பார்த்தே ஊர்க் காத்தோட நிலைமையைச் சொல்லலாம்னு 1866-லயே வில்லியம் நைலாண்டர்னு ஒருத்தர் எழுதிட்டார். நம்ம நாட்டுல லக்னோவுல இருக்கிற தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க, வாகனப் புகையிலயும் அனல்மின் நிலையத்தைச் சுத்தியும் எவ்வளவு உலோகம் காத்துல கலக்குதுன்னு பார்க்க லைக்கனைப் பயன்படுத்தியிருக்காங்க. அதுல அதிகமா அடிபடுற பேர்ல ஒண்ணு, இப்ப போர்வைக்குள்ள எரிஞ்சானே, அதே பிக்சைன் கோகோயஸ்! புகையைத் தாங்கிக்கிட்டு ஊருக்குள்ளேயே வாழ்ற ஆளு.

இப்ப யோசிங்க. ஒவ்வொரு வகையும் உலோகத்தை ஒவ்வொரு அளவுல சேர்த்து வெச்சுக்கும். நீங்க பத்து இடத்துல பிக்சைன்னு நினைச்சு எடுத்த சாம்பிள்ல நாலு டிரினேரியாவா இருந்தா? ரிசல்ட் காலி. ரத்த டெஸ்ட்டுல எம்.கார்த்திக் ரிப்போர்ட்டை எஸ்.கார்த்திக்குக்கு மாத்திக் குடுத்த கதைதான்.

அமெரிக்கக் காட்டுல ஒரு ட்விஸ்ட்

அக்கா சொன்ன இன்னொரு கதை இதைவிட செம. வட அமெரிக்காவோட வடமேற்குக் காடுகள்ல, மரத்துல இருந்து முடி மாதிரி தொங்குற ரெண்டு லைக்கன். ஒண்ணு பிரையோரியா ஃபிரீமான்டி. பழுப்பு நிறம். அங்க வாழ்ந்த பழங்குடி மக்கள் குழியில வேகவெச்சு சாப்பிட்டிருக்காங்க. இன்னொண்ணு பிரையோரியா டார்ட்டுவோசா. மஞ்சள் சாயல். வல்பினிக் அமிலம்ங்கிற விஷம் நிறைஞ்சது. ஒண்ணு சோறு, ஒண்ணு விஷம். ரெண்டு தனித்தனி இனம்னுதான் வெச்சிருந்தாங்க.

மரபணுவை எடுத்துப் பார்த்தா குழப்பம். ரெண்டுலயும் அதே பூஞ்சை, அதே பாசி! நம்ம கிளையில நடந்ததுக்கு நேர் தலைகீழ். இங்க ஒரே தோற்றத்துல ரெண்டு ஆளு. அங்க ரெண்டு தோற்றத்துல ஒரே ஆளு. பிறகு எங்க இருந்து வந்துச்சு வித்தியாசம்? 2016-ல டோபி ஸ்பிரிபிலும் அவரோட குழுவும் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு பதில் சொன்னாங்க. தோலுக்குள்ள மூணாவதா ஒரு ஈஸ்ட் ஒளிஞ்சிருக்கு. விஷ லைக்கன்ல அது ரொம்ப அதிகம். ரெண்டு பேர் குடித்தனம்னு நூத்தைம்பது வருஷமா படிச்சுக்கிட்டிருந்த வீட்டுல மூணாவதா ஒரு ஆள்! அந்த மூணாவது ஆள் எல்லா லைக்கன்லயும் உண்டா, அது அங்க என்ன வேலை பார்க்குதுங்கிறதுல பிற்பாடு நிறைய விவாதம் நடந்திருக்கு. ஒரு மார்க் கேள்விக்குப் பின்னாடி இவ்வளவு சண்டை!

குகைக் காவலர் சொன்னது

சாயங்காலம் குகைக்குப் போனோம். இது மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடம். காவலர் அண்ணன்கிட்ட வந்த விஷயத்தைச் சொன்னோம். குகை முகப்பைச் சுத்தி, மேல வெயில் படுற பாறையில சாம்பல், கறுப்பு, வெள்ளைன்னு திட்டுங்க.

எனக்கு ஒரு சந்தேகம். லைக்கன் கல்லைத் தின்னாதா? தின்னும்தான். ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கும். பூஞ்சை இழை கல்லோட துகள்களுக்கு நடுவுல புகுந்து, மழையில ஊறி, வெயில்ல சுருங்கி, மெல்ல மெல்ல நெம்பும். அதனாலதான் பழைய சின்னங்கள்ல லைக்கனைச் சுத்தம் பண்றது ஒரு தனி வேலையாவே இருக்கு. ஆனா அதுக்காகக் கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்ச்சா, லைக்கனோட சேர்ந்து சிற்பத்தோட மேல்தோலும் போயிடும். எந்த வகை, கல்லுக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பார்த்துத்தான் கை வைக்கணும். அங்கயும் முதல் கேள்வி அதேதான்... ஆள் யாரு?

காவலர் அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "பாசி எல்லாம் பரவாயில்ல தம்பி. ஆயிரத்து நானூறு வருஷமா மழையும் வெயிலும் பண்ணாததை, ஆணி எடுத்துட்டு வர்ற பசங்க அஞ்சு நிமிஷத்துல பண்ணிடுறாங்க. அதைத்தான் பார்த்துக்க முடியல"ன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் மகர தோரணத்தைப் பார்த்தேன்.

இருட்டுல என் பேர்

இறங்கி வரும்போது பொழுது சாய்ஞ்சிடுச்சு. அந்த உருண்டைப் பாறையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தூரத்துல இருந்தே தெரிஞ்சுது. நாலு எழுத்து. கீழே ஸ்டைலா ஒரு கோடு.

ஆறு வருஷம் ஆச்சு மக்களே. ப்ளஸ் டூ முடிச்சாச்சு, காலேஜ் சேர்ந்தாச்சு, மீசை முளைச்சாச்சு. அந்த எழுத்து மட்டும் நேத்து எழுதின மாதிரி இருக்கு. அக்கா ஸ்கேலை வெச்சு அளந்தாங்க. கடைசி எழுத்தோட சுழி மட்டும் கொஞ்சம் மூடியிருந்துச்சு. மத்த இடத்துல ஓரத்துல இருந்து சில மில்லிமீட்டர்தான் உள்ளே நகர்ந்திருக்கு. இலை மாதிரி விரியிற லைக்கன் பொதுவா வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். பாறையோட பாறையா ஒட்டிக்கிற சில வகை அதைவிட மெதுவு. அவ்வளவு மெதுவுங்கிறதாலதான், பனிப்பாறை பின்வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கணக்குப் போட, அங்க கிடக்கிற கல்லுல லைக்கன் எவ்வளவு அகலம்னு அளக்கிற முறையே இருக்கு. 1950-கள்ல ரோலண்ட் பெஷல்னு ஒருத்தர் வளர்த்தெடுத்த முறை. அப்படிப் பார்த்தா, அன்னைக்கு நான் சுரண்டின திட்டுங்கள்ல சிலது என்னைவிட மூத்ததா இருந்திருக்கும்.

நல்லா இருட்டினதும் அக்கா டார்ச்சை அமுக்கினாங்க.

முதல் ரெண்டு எழுத்தைச் சுத்தி பாறை மஞ்சளா எரிஞ்சுது. நடுவுல என் பேர் கறுப்பா, பகல்ல தெரிஞ்சதைவிடத் தெளிவா. அடுத்த ரெண்டு எழுத்தைச் சுத்தி ஒண்ணும் எரியலை. மங்கலான சாம்பல் மட்டும். ஒரே திட்டுன்னு நினைச்சுத்தான் அன்னைக்கு எழுதினேன். பாதியை ஒரு ஆள்மேலயும் பாதியை இன்னொரு ஆள்மேலயும் எழுதியிருக்கேன்.

"இதை அழிக்க ஏதாவது வழி இருக்காக்கா?"

"தேய்ச்சா இன்னும் கெட்டுப் போகும். விடு, அதுங்களே மூடிக்கும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

அக்கா பதில் சொல்லலை. டார்ச்சை அணைச்சுட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போயிட்டாங்க.

நீங்க தளவானூர் போனா, குகைக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காருங்க. அப்படியே வழியில அந்தப் பாறையையும் பாருங்க. அந்த நாலு எழுத்து நான்தான். ஃபோட்டோ எடுங்க, லென்ஸ் வெச்சுப் பாருங்க, டார்ச் அடிங்க. கல்லை மட்டும் கையில எடுக்காதீங்க, ப்ளீஸ்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

* சென்னையில இருந்து வர்றவங்க திண்டிவனம் வழியா செஞ்சி வரலாம். ரயில்னா விழுப்புரத்துல இறங்கி செஞ்சி பஸ். தளவானூர் மெயின் ரோட்டுல இருந்து உள்ளே இருக்கு. பஸ் நேரத்தைக் கேட்டுக்கிட்டுக் கிளம்புங்க. டூவீலர்னா கவலையே இல்லை. வழி கேக்கும்போது "குகைக்கோயில் தளவானூர்"!

* பக்கத்துலயே மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கட்டின கோயில்னு மகேந்திரவர்மனே கல்வெட்டுல சொல்லிக்கிட்ட இடம். ஒரே நாள்ல ரெண்டையும் பார்த்துடலாம்.

* காலையிலயே போயிடுங்க. பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல்! தண்ணி, தொப்பி கட்டாயம். இருட்டினப்புறம் பாறைப் பக்கம் போனா, ஊர்க்காரங்க யாரையாவது கூட்டிக்கிட்டு, பாம்பு பார்த்து நடங்க.

* பாதுகாக்கப்பட்ட சின்னத்துல கிறுக்கினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டுமே. நான் கிறுக்கினது வெளியில இருந்த பாறை. அதனால தப்பிச்சேன்னு சொல்லிக்கலாம். ஆனா அந்த லைக்கனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.